கூடியும் கலவாதது

காதில் செருகிக்கொள்ளும் ஒலிக்கருவியில், மின்சார ஸ்கூட்டரின் மோட்டாரில், பெரிய காற்றாலைகள் பலவற்றின் மின்னாக்கியில் இன்று ஒரே வகைக் காந்தம் இருக்கிறது. நகத்தளவு துண்டுகள் இரண்டு ஒட்டிக்கொண்டால் விரல் வலிக்கப் பிரிக்க வேண்டியிருக்கும். அதற்குள் அணுக்களை எண்ணினால் 17இல் 14 இரும்பு, ஒன்று போரான், மீதி இரண்டே இரண்டுதான் நியோடிமியம். காந்தத்தின் வலிமையிலும் பெரும்பங்கு இரும்பினுடையதே. அப்படியிருக்க அதை நியோடிமியக் காந்தம் என்று உலகம் அழைப்பது பெரும்பான்மைக்குச் செய்யும் அநீதிபோலத் தோன்றலாம்.

அநீதி இல்லை. இரும்பிடம் வலிமை உண்டு, உறுதி இல்லை. காந்தத்தின் அருகே கொண்டுபோன ஆணி உடனே காந்தமாகிவிடுகிறது. விலக்கியதும் ஏறக்குறைய எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. யார் அழைத்தாலும் அந்தத் திசையில் திரும்பிக்கொள்ளும் தாராளம் அதற்கு. நியோடிமியமோ படிகத்துக்குள் ஒரு திசையைப் பற்றுகிறது. பற்றியதை எளிதில் விடுவதில்லை. தன்னைச் சுற்றியுள்ள இரும்பையும் விடவிடுவதில்லை. வலிமையும் உறுதியும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை என்றே வாழ்க்கையில் நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். இந்தக் காந்தத்தில் வலிமையைப் பலர் தர, திசையைச் சிலர் தருகிறார்கள். அந்தச் சிலரின் உறுதி எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தொடங்கினால், அருமண் உலோகங்கள் இரும்பு, கோபால்ட், செம்பு, அலுமினியம் போன்ற பிற உலோகங்களோடு குறித்த விகிதத்தில் கூடி உண்டாக்கும் இடையுலோகச் சேர்மங்களின் உலகுக்குள் வந்துவிடுகிறோம். தன்னிலை இழக்காமல் கூடுவது எப்படி, எவ்வளவு நெருங்கினால் தன்னிலை கரைந்துபோகும் என்ற இரண்டு கேள்விகளும் அங்கே அளந்து பார்க்கக்கூடிய கேள்விகளாகிவிடுகின்றன.

லாந்தனத்தில் தொடங்கி லுட்டேசியத்தில் முடியும் 15 அருமண் தனிமங்கள் தனிம வரிசை அட்டவணையின் அடியில் தனி வரியாக அச்சிடப்பட்டிருக்கும். அந்த வரியில் இடமிருந்து வலமாகச் செல்லச் செல்ல, நான்காம் கூட்டின் எஃப் எலக்ட்ரான்கள் படிப்படியாகச் சேர்ந்து 14 வரை நிரம்புகின்றன. 4எஃப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இவற்றின் நிலை விசித்திரமானது. ஆற்றலை வைத்துப் பார்த்தால் இவை அணுவின் வெளி எலக்ட்ரான்களுக்குப் பெரிதும் தாழ்ந்தவை அல்ல. இடத்தை வைத்துப் பார்த்தாலோ, முன்பே நிரம்பி முடிந்த ஐந்தாம் கூட்டின் எஸ், பி எலக்ட்ரான்களுக்கும் உட்புறமாக அணுவின் ஆழத்தில் ஒடுங்கியிருக்கின்றன. வெளியேறும் தகுதியை நெருங்கியிருந்தும் உள்ளேயே தங்கியிருப்பவை. இரும்பின் காந்தத்தைத் தாங்கும் எலக்ட்ரான்கள் அப்படியல்ல. பக்கத்து அணுவின் எலக்ட்ரான்களோடு மேற்கவிந்து, இது எந்த அணுவுடையது என்று கேட்க இயலாதபடி படிகம் முழுவதும் பரவிவிடுகின்றன. 4எஃப் எலக்ட்ரான் பக்கத்து அணுவைத் தொடுவதே இல்லை எனலாம்.

இந்த ஒதுக்கத்தால் வேதியியல் நூறாண்டுக்கு மேல் திணறியது. வேதிவினை என்பது வெளி எலக்ட்ரான்களின் காரியம். அருமண் தனிமங்கள் அனைத்தும் பெரும்பாலும் மூன்று எலக்ட்ரான்களையே வெளியே தருகின்றன. உள்ளே எத்தனை 4எஃப் இருந்தாலும் வெளிநடத்தை ஒன்றுதான். ஸ்டாக்ஹோமுக்கு அருகே இட்டெர்பி என்ற ஊரின் கல்குழியில் கிடைத்த கரிய கனிமத்தை 1794இல் யோஹான் காடோலின் பகுத்தாய்ந்தது முதல் லுட்டேசியம் பிரிந்த 1907 வரை, ஒன்று என்று நினைத்தது இரண்டாவதும் அந்த இரண்டில் ஒன்று மீண்டும் பிரிவதுமாகவே வரலாறு நகர்ந்தது. நியோடிமியமும் 1885இல் ஆயர் ஃபான் வெல்ஸ்பாக் பிரித்துக் காட்டும்வரை வேறொன்றின் பெயருக்குள்தான் இருந்தது. தூய தூலியம் வேண்டும் என்பதற்காக சார்லஸ் ஜேம்ஸ் ஓர் உப்பை ஏறத்தாழ 15,000 முறை கரைத்துக் கரைத்துப் படிகமாக்கினார். 1911இல்தான் அந்த வேலை முடிந்தது. (வெல்ஸ்பாக்கின் பெயரோடு நம் கடற்கரைக்கும் தொடர்பு உண்டு. அவர் உருவாக்கிய எரிவாயு விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் தரும் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் கண்டார். மணவாளக்குறிச்சி மணல் அப்படித்தான் உலகச் சந்தைக்குப் போனது. அன்று தோரியம்தான் சரக்கு. உடன் வந்த சீரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் பெரும்பாலும் வேண்டாதவை.)

வெளியே ஒன்றுபோல் இருப்பவற்றைப் பிரித்தறிய வேதியியலுக்கு அத்தனை பாடு. காந்தப்புலத்தில் வைத்தால் அவை கணத்தில் வேறுபட்டு நிற்கின்றன. லாந்தனத்துக்குத் தனக்கென்று நிலையான காந்தத் திருப்புத்திறன் இல்லை. கடோலினியத்துக்கு, அதை அளக்கும் அலகான போர் மேக்னட்டானில், 7. டிஸ்புரோசியத்துக்கும் ஹோல்மியத்துக்கும் 10. காந்தம் என்றாலே நம் நினைவுக்கு வரும் இரும்பில் ஓர் அணுவின் பங்கு 2.2 மட்டுமே. கூட்டத்தில் கலந்த எலக்ட்ரானின் சுற்றியக்கத்தைப் படிகம் அடக்கிவிடுகிறது. தற்சுழற்சி மட்டுமே காந்தமாக மிஞ்சுகிறது. 4எஃப் எலக்ட்ரானில் சுற்றியக்கமும் தற்சுழற்சியும், தனி அணுவில் இருப்பதுபோலவே, முழு உயிரோடு இருக்கின்றன. பழைய இயற்பியலின் விதிகள் மட்டும் உண்மையானால் எந்தப் பொருளிலும் காந்தமே இருக்க முடியாது என்று நீல்ஸ் போர் தம் 1911 ஆய்வேட்டிலும், அவரை அறியாமலே ஹென்ட்ரிகா ஃபான் லேயுவன் 1919இலும் நிறுவினார்கள். நாம் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைக்கும் பொம்மைக் காந்தம்கூடக் குவாண்டம் விதிகளின் கண்கூடான சாட்சி என்பதை ஏனோ நாம் வியப்பதில்லை.

தொடாதவை எப்படி ஒரே திசையில் அணிவகுக்கின்றன? உள்ளறையை விட்டு வாசலுக்கே வராத மூத்தவர் ஒருவர் இருக்கும் வீட்டில், உள்ளே போய் வருபவர்களின் முகத்தைப் பார்த்தே ஊர் அவருடைய மனநிலையை அறிந்துகொள்ளும். அருமண் சேர்மங்களில் அப்படிப் போய் வருபவை கடத்தல் எலக்ட்ரான்கள். ஓர் அணுவின் 4எஃப் காந்தத்தைக் கடந்து செல்லும் எலக்ட்ரான் தன் தற்சுழற்சியில் அதன் சாயலை ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சாயல் அடுத்த அணுவுக்குச் சென்று சேர்கிறது. 1954இல் ருடர்மனும் கிட்டலும், 1956இல் கசுயாவும், 1957இல் யோசிடாவும் இந்த இடையீட்டு உறவின் கணக்கை எழுதினார்கள். அந்தக் கணக்கு சொல்லும் செய்தி எளிமையானதல்ல. உறவு தொலைவோடு தேய்வது மட்டுமல்லாமல், குறி மாறி மாறி அலைகிறது: ஒரு தொலைவில் இணங்கி நிற்கச் சொல்வது, சற்றுத் தள்ளி எதிர்த்து நிற்கச் சொல்கிறது. பக்கத்திலிருப்பவரோடு இணக்கம், அதற்கு அடுத்தவரோடு முரண் என்று ஆகும்போது ஒவ்வோர் அணுவும் யாரையும் முழுதும் மகிழ்விக்க முடியாத சமரசம் ஒன்றைக் காண வேண்டியிருக்கிறது. டிஸ்புரோசியம், ஹோல்மியம் போன்ற உலோகங்களில் தளத்துக்குத் தளம் காந்தத் திசை சிறிது சிறிதாகத் திரும்பித் திருகுசுழலாக ஏறிச்செல்வதை, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் நியூட்ரான்களைச் செலுத்திப் பார்த்தவர்கள் கண்டார்கள். ஒழுங்கு என்றால் எல்லாரும் ஒரு திசை பார்ப்பது என்று நினைப்பவர்களுக்கு அந்தத் திருகுசுழல் கொஞ்சம் சங்கடமான சான்று.

ஆனால் அணிவகுப்பு வேறு, உறுதி வேறு. இணைந்த திசையிலேயே நிலைத்திருக்க இன்னொன்று வேண்டும். 4எஃப் எலக்ட்ரானின் தற்சுழற்சியும் சுற்றியக்கமும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை. ஒன்றைத் திருப்ப வேண்டுமானால் மற்றதையும் திருப்பியாக வேண்டும். சுற்றியக்கத்துக்கோ வடிவம் உண்டு. நியோடிமியத்தின் 4எஃப் மின்முகில் தட்டையானது. சமாரியத்தினுடையது நீண்டது. கடோலினியத்தினுடையது உருண்டை. உருண்டையை எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான்; ஆகவே 7 மேக்னட்டான் இருந்தும் கடோலினியம் எந்தத் திசையையும் அழுத்தமாகப் பற்றுவதில்லை. தட்டையானதற்கும் நீண்டதற்கும், சுற்றிலுமுள்ள அணுக்கள் உண்டாக்கும் மின்புலத்தில், இசைவான கிடப்பு ஒன்று இருக்கிறது; அதிலிருந்து புரட்ட ஆற்றல் செலவாகும். அந்தச் செலவுதான் காந்தத்தின் உறுதி. உருண்டு கொடுக்காத ஒரு வடிவம் உள்ளே இருந்தால் ஒழிய வெளியே நிலைபேறு இல்லை.

1960களின் பிற்பாதியில் அமெரிக்க விமானப்படை ஆய்வகம் ஒன்றில் கார்ல் ஸ்ட்ர்னாட்டும் அவர் உடனிருந்தோரும் அருமண் உலோகங்களையும் கோபால்ட்டையும் கூட்டும் ஆய்வில் இறங்கினார்கள். அதன் கனியாக வந்தது, ஒரு சமாரியத்துக்கு ஐந்து கோபால்ட் கொண்ட காந்தம். அந்தப் படிகத்தில் சமாரியம் காந்தத்தைப் படிக அச்சோடு நிமிர்த்தி நிறுத்துகிறது. இன்றும் மிக உறுதியான காந்தங்களில் அது ஒன்று. அதே சமாரியத்தை எடுத்து, நியோடிமியம் இருந்த இடத்தில், 14 இரும்புக்கும் ஒரு போரானுக்கும் நடுவே வைத்தால், காந்தம் அச்சை விட்டுத் தளத்தில் படுத்துவிடுகிறது. நிலைக்காந்தமாக அது உதவாது. அணு ஒன்றே, எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றே, முகிலின் வடிவம் ஒன்றே. ஓரிடத்தில் தூணாக நின்றது இன்னோரிடத்தில் சாய்ந்துவிடுகிறது. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்று சைவ சித்தாந்தம் சொல்வது இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அது முழுதும் பொருந்தாது. இடம் மாறியபோது சமாரியம் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வடிவம் அதனுடையதாகவே இருந்தது. அந்த வடிவத்தின் பயன்தான் இடத்தைப் பொறுத்து நேர்மாறானது. ஒன்றின் குணம் அதனுள்ளேயே முழுதாக அடங்கியிருக்கிறது என்பாரும், எல்லாமே சூழ்நிலையின் ஆக்கம் என்பாரும் காலங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். சமாரியம் இரு தரப்புக்கும் பாதி பாதியாக விட்டுக்கொடுக்கவில்லை, கேள்வியையே திருத்துகிறது. உள்ளமைப்பும் இடமும் சந்திக்கும் கோணத்தில்தான் குணம் பிறக்கிறது. சந்திப்புக்கு முன் அதை எந்தப் பக்கத்திலும் தேடிக் காண முடியாது. (நியோடிமியத்துக்கும் குறை உண்டு. 135 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் அதன் காந்தமும் அச்சை விட்டுச் சாயத் தொடங்குகிறது. எந்த உறுதிக்கும் அதன் தட்பவெப்பம் உண்டு.)

கோபால்ட்டுக்குப் பதில் இரும்பைப் பயன்படுத்த முடியுமா என்பது அடுத்த கேள்வி. 1978இல் ஸயீரில் மூண்ட சண்டையால் கோபால்ட் விலை ஏறியபோது அந்தக் கேள்வி கூர்மையானது. ஜப்பானில் மசாதோ சகாவா, இரும்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியிருப்பதால்தான் அருமண்-இரும்புச் சேர்மங்கள் சூட்டில் காந்தத்தை இழக்கின்றன என்ற கருத்தைக் கேட்டு, இடையிடையே சிறிய அணு ஒன்றைச் செருகி அவற்றை விலக்கி வைக்கலாமே என்று நினைத்தார். போரானைச் சேர்த்தார். வந்தது அவர் எண்ணியபடி விரிந்த பழைய படிகம் அல்ல. அலகுக்கு 68 அணுக்கள் கொண்ட முற்றிலும் புதிய படிகம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட் வேறு வழியில், உருகிய உலோகத்தைச் சுழலும் சக்கரத்தில் பீய்ச்சி நொடியில் உறையவைத்து, அதே சேர்மத்துக்கு வந்து சேர்ந்தார். 1983 நவம்பரில் பிட்ஸ்பர்க் மாநாட்டில் இருவர் பணியும் வெளிப்பட்டது. காந்தமே இல்லாத போரான் நடுவில் வந்து அமர்ந்துதான் 14 இரும்பும் இரண்டு நியோடிமியமும் அப்படி அமைய முடிந்தது.

இந்தக் காந்தத்தின் பலவீனம் சூடு. காந்தம் முற்றும் மறையும் கியூரி வெப்பநிலை 312 பாகை செல்சியஸ்தான். அதற்கு நெடுந்தொலைவு முன்பே, காரின் மோட்டார் 150 பாகையை நெருங்கும்போதே, எதிர்ப்புலத்தைத் தாங்கும் உறுதி குறைந்துவிடுகிறது. அதைச் சரிக்கட்ட நியோடிமியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு டிஸ்புரோசியத்தைச் சேர்க்கிறார்கள். இங்கேதான் இயற்கை நம்மைச் சற்று நிறுத்தி யோசிக்க வைக்கிறது. டிஸ்புரோசியத்தின் காந்தம் இரும்புக்கு எதிர்த்திசையில் நிற்கிறது. நியோடிமியமும் டிஸ்புரோசியமும் தற்சுழற்சியளவில் இரும்போடு ஒரே உறவையே கொண்டவை; இரண்டின் தற்சுழற்சியும் இரும்பினுடையதற்கு எதிரானவைதாம். ஆனால் நியோடிமியத்தில் சுற்றியக்கம் தற்சுழற்சிக்கு எதிராகவும் அதைவிடப் பெரிதாகவும் இருப்பதால் மொத்தம் இரும்போடு சேர்ந்துகொள்கிறது. டிஸ்புரோசியத்தில் இரண்டும் ஒரே பக்கம் நின்று இரும்பை எதிர்க்கின்றன. ஆகவே டிஸ்புரோசியத்தைச் சேர்க்கச் சேர்க்கக் காந்தத்தின் மொத்த வலிமை குறைகிறது, உறுதியோ கூடுகிறது. எதிர்ப்பவரை உள்ளே வைத்துக்கொண்ட கூட்டம் கொஞ்சம் வலிமை இழந்து நெடுநாள் நிலைக்கிறது. அளவு மிஞ்சினால் வலிமையே போய்விடும் என்பதையும் அறிந்தே தொழில்நுட்பம் இப்போது டிஸ்புரோசியத்தைக் காந்தம் முழுக்கக் கலக்காமல், காந்தம் முதலில் நிலைகுலையத் தொடங்கும் நுண்மணிகளின் விளிம்புகளுக்கு மட்டும் ஊடுருவச் செய்கிறது. இந்த உலோகத்தின் பெரும்பகுதி தென் சீனத்தின் களிமண் படிவுகளிலிருந்தும் எல்லையை ஒட்டிய மியான்மர் மலைகளிலிருந்தும் வருகிறது. மலைச்சரிவில் உப்புக் கரைசலை ஊற்றி வடித்தெடுக்கிறார்கள். அந்த நீர் பிறகு எந்த ஓடையில் கலக்கிறது என்பது கார் வாங்குபவரின் கணக்கில் வருவதில்லை.

இதுவரை உள்ளே நிற்பதன் பெருமையைச் சொன்னோம். வரிசையில் லாந்தனத்துக்கு அடுத்து நிற்கும் சீரியம் அந்தப் பெருமைக்குள் ஓர் ஐயத்தை விதைக்கிறது. அதற்கு ஒரே ஒரு 4எஃப் எலக்ட்ரான். அதுவும் உறுதியாகக் கட்டுண்டதல்ல. அறை வெப்பநிலையில் சீரிய உலோகத்தைச் சில ஆயிரம் வளிமண்டல அழுத்தத்தில் நெருக்கினால், படிக அமைப்பு மாறாமலே, கன அளவு திடீரென ஏறத்தாழ 15 விழுக்காடு சுருங்குகிறது. கூடவே காந்தத் திருப்புத்திறனும் மறைந்துவிடுகிறது. பிரிட்ஜ்மனின் அழுத்தக் கருவிகளில் வெளிப்பட்ட இந்தச் சுருக்கத்தை இன்றும் முழு மனத்தோடு விளங்கிக்கொண்டதாகச் சொல்ல முடியாது. இடையுலோகச் சேர்மம் அல்லவென்றாலும் சமாரிய சல்பைடு இதைக் கண்ணுக்கே காட்டுகிறது. பெங்களூரில் சி.வி. ராமனிடம் பணியாற்றிப் பின் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குச் சென்ற ஜெயராமனும் உடனாய்வாளர்களும் 1970இல் அதை அழுத்தியபோது, சுமார் 6500 வளிமண்டல அழுத்தத்தில், கருநிறக் குறைக்கடத்தி பொன்னிற உலோகமானது. உள்ளே இருந்த எலக்ட்ரான் வெளியே வந்ததன் நிறம் அது.

அழுத்தம் இல்லாமலும் உள்ளிருப்பது கரையக்கூடும். 1930களில் தங்கத்தைக் குளிர்வித்துக்கொண்டே போனவர்கள், குறைந்துவந்த மின்தடை ஒரு கட்டத்தில் மீண்டும் ஏறுவதைக் கண்டு குழம்பினார்கள். உலோகத்தில் மாசாகக் கலந்திருந்த சில காந்த அணுக்களே காரணம் என்று 1964இல் ஜுன் கொண்டோ காட்டினார். பின் வந்தவர்கள் கதையை முடித்து வைத்தார்கள்: வெப்பநிலை இறங்க இறங்கக் கடத்தல் எலக்ட்ரான்கள் அந்தத் தனிக் காந்தத்தை எதிர்த் தற்சுழற்சியோடு சூழ்ந்து, கடைசியில் அது வெளியே தெரியாதபடி முழுதாகப் போர்த்திவிடுகின்றன. ஒன்றிரண்டு மாசு அணுக்களுக்குப் பதில், சீரியச் சேர்மங்களில் படிகத்தின் ஒவ்வோர் அலகிலும் அத்தகைய காந்தம் ஒன்று இருக்கிறது. 1975இல் சீரியமும் அலுமினியமும் ஒன்றுக்கு மூன்றாகக் கூடிய சேர்மத்தைத் தனிப்பூச்சிய வெப்பநிலைக்கு அருகே குளிர்வித்து அளந்தபோது, கடத்தல் எலக்ட்ரான்கள் சாதாரண எலக்ட்ரானைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நிறை கொண்டவைபோல நடந்துகொண்டன. ஓடித் திரிந்தவை, உள்ளே நின்றதன் சுமையையும் ஏற்றுக்கொண்டு நடக்கத் தொடங்கின.

1977இல் செபாஸ்டியன் டோனியாக் இந்த இரண்டு கதைகளையும் ஒரே படத்தில் வைத்தார். அணுவுக்கு அணு செய்தி கொண்டுபோய் ஒழுங்கை உண்டாக்கும் உறவும், ஒவ்வோர் அணுவின் காந்தத்தையும் போர்த்தி அழிக்கும் உறவும் இரு வேறு உறவுகள் அல்ல. உள்ளிருக்கும் 4எஃப்புக்கும் ஓடித் திரியும் எலக்ட்ரானுக்கும் இடையே உள்ள ஒரே பிணைப்பின் இரு முகங்கள். பிணைப்பு மெலிதாக இருக்கையில் ஒழுங்கு முந்துகிறது, ஏனெனில் அது பிணைப்பின் இருமடியாக வளர்கிறது. பிணைப்பு வலுக்க வலுக்க, தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாமல் இருந்த கரைவு அடுக்கேற்ற வேகத்தில் வளர்ந்து ஒழுங்கை முந்திவிடுகிறது. அன்பும் அழிவும் வெவ்வேறு மூலங்களிலிருந்து வருபவை என்றும், ஒன்றைப் பெருக்கி மற்றதைத் தவிர்த்துவிடலாம் என்றும் நாம் நம்பி வந்திருக்கிறோம்; ஆனால் இங்கே, தனித்து நிற்பதைப் பிறவற்றோடு பொருளுள்ள வகையில் இணைப்பது எதுவோ அதுவே, அதே கயிறு, அதே முடிச்சு, இறுக்கத்தின் அளவு ஒன்று மாறியதால் மட்டுமே, தனித்து நிற்பதை இல்லாமலாக்கவும் செய்கிறது. உறவு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி அணுவுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. கடத்தல் எலக்ட்ரான்கள் இல்லாத இடத்தில் உலோகமே இல்லை, பிறர் இல்லாத இடத்தில் நாமும் இல்லை. எவ்வளவு என்பதே கேள்வி, அந்த அளவோ எந்தப் பொருளுக்கும் முன்கூட்டியே எழுதி வைக்கப்படவில்லை.

ஒழுங்குக்கும் கரைவுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோடு வெறும் கோடாக இருந்திருந்தால் கதை இத்துடன் முடிந்திருக்கும். 1979இல் ஜெர்மனியில் ஃபிராங்க் ஸ்டெக்லிஷும் உடனாய்வாளர்களும் சீரியம், செம்பு, சிலிக்கன் கூடிய சேர்மம் ஒன்று 0.6 கெல்வினுக்கு அருகே மின்தடையே இல்லாத மீக்கடத்தியாவதைக் கண்டார்கள். காந்த அணுக்கள் மீக்கடத்தலைக் கொல்லும் என்பது அன்று பாடம். சில காந்த அணுக்கள் கலந்தாலே போதும், மீக்கடத்தல் மடிந்துவிடும். இங்கோ அலகுதோறும் சீரியம். அதைவிட வியப்பு, சீரியத்தை எடுத்துவிட்டுக் காந்தமற்ற லாந்தனத்தை அதே இடத்தில் வைத்தால் மீக்கடத்தலே இல்லை. பலர் நம்பத் தயங்கினார்கள். 1998இல் கேம்பிரிட்ஜில் வேறு சில சீரியச் சேர்மங்களை அழுத்திக்கொண்டே போனபோது, காந்த ஒழுங்கு தனிப்பூச்சிய வெப்பநிலையில் மறையும் அந்த இடத்தைச் சுற்றியே மீக்கடத்தல் தலைகாட்டியது. நிலைப்பும் கரைவும் ஒன்றையொன்று வெல்ல முடியாமல் நிற்கும் இடம் பாழ்நிலம் அன்று. இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஒன்று விளையும் வயல் அது.

அறிவு இதைப் பிடிக்கத் தடுமாறுவதும் சிந்திக்கத் தக்கது. பொருள்களின் எலக்ட்ரான் அமைப்பைக் கணக்கிட வால்டர் கோன் 1964-65இல் உடனாய்வாளர்களோடு வகுத்த முறை எண்ணற்ற பொருள்களுக்கு வியக்கத்தக்க விடை தருகிறது. அருமண் சேர்மங்களுக்கு வரும்போது கணக்கிடுபவர் தொடங்கும் முன்பே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: 4எஃப்பை அணுவின் உட்பகுதியைச் சார்ந்ததாக உறையவைப்பதா, படிகமெங்கும் பரவவிடுவதா? நியோடிமியத்துக்கு முதலாவது பெரும்பாலும் போதும். அழுத்தத்தில் சுருங்கிய சீரியத்துக்கு இரண்டாவது நெருங்கி வரும். இடைப்பட்ட சீரியத்துக்கு இரண்டும் பொய். குறுகிய காலத்தில் ஓரிடத்தில் நின்றதாகவும் நெடிய காலத்தில் பரவியதாகவும் ஒரே எலக்ட்ரானைப் பார்க்கும் கணிதம் வேண்டியிருந்தது, அது பிற்பாடுதான் வந்தது. அழுத்தத்தில் சீரியம் காட்டும் அந்தச் சுருக்கத்துக்கு 1974இல் ஒரு விளக்கமும் 1982இல் இன்னொரு விளக்கமும் தரப்பட்டன. எலக்ட்ரான் தானே கட்டவிழ்ந்து பரவியது என்றது ஒன்று, கடத்தல் எலக்ட்ரான்களின் போர்வைதான் தடித்தது என்றது மற்றொன்று. அந்த வழக்கில் இன்றும் இறுதித் தீர்ப்பு இல்லை. தனியன் என்றும் சமூகம் என்றும் இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு மனிதரை எதில் போடுவது என்று வழக்காடும் நமக்கு, ஒரே ஓர் எலக்ட்ரானை எந்தப் பெட்டியில் போடுவது என்று அரை நூற்றாண்டாக முடிவாகவில்லை என்பது ஆறுதலாகவும் இருக்கலாம், எச்சரிக்கையாகவும் இருக்கலாம். அணுவுக்கு அறம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. டிஸ்புரோசியம் எதிர்ப்பது கொள்கைக்காக அல்ல. சீரியம் கரைவது தியாகமும் அல்ல. அவற்றிலிருந்து நாம் பெறக்கூடியது ஒழுக்கவிதி அல்ல. நாம் முரண் என்று கருதி வந்த இரண்டு, ஒரே தொடரின் இரு முனைகளாக இருக்கக்கூடும் என்ற சிந்தனைப் பயிற்சிதான்.

அந்தத் தொடரின் இன்னொரு முனையில் இப்போது நடைமுறை வேலையும் நடக்கிறது. மோனசைட்டில் உள்ள அருமண் தனிமங்களில் ஏறத்தாழ பாதி சீரியம். நியோடிமியத்துக்காக மணலைப் பிரிக்கும் எவரிடமும் அது மிஞ்சுகிறது, விலை மலிவு. அதையே காந்தத்தில் நியோடிமியத்தின் இடத்தில் வைக்கலாமே என்றால், 14 இரும்பின் நடுவே சீரியம் தன் ஒற்றை 4எஃப் எலக்ட்ரானை ஓரளவு பொதுவில் விட்டுவிடுகிறது. திசையைப் பற்ற உள்ளே போதிய அளவு எதுவும் மிஞ்சுவதில்லை. கியூரி வெப்பநிலையும் 150 பாகைக்கு இறங்கிவிடுகிறது. சில ஆய்வாளர்கள், தனக்கென்று காந்தமே இல்லாத, ஆனால் அளவில் பெரிய லாந்தனத்தையும் உடன் சேர்த்துப் படிகத்தைச் சற்று விரிக்கிறார்கள். இடம் கூடினால் சீரியத்தின் எலக்ட்ரான் மீண்டும் உள்ளே திரும்பும் என்பது எதிர்பார்ப்பு. இதுவரை கிடைத்தவை நியோடிமியக் காந்தத்துக்கு இணையானவை அல்ல. அத்தனை உறுதி தேவைப்படாத இடங்களுக்கு, நியோடிமியத்தோடு சீரியத்தையும் ஒரு பங்கு கலந்த காந்தங்கள் சந்தைக்கு வந்திருக்கின்றன.